வாதாபி வென்ற சிறுத்தொண்டர்

இசையரங்குகளில் முத்துசுவாமி தீட்சிதரின் ‘வாதாபி கணபதிம்’ கீர்த்தனையை ஹம்சத்வனியில் கேட்டு மகிழாத அன்பர்கள் நம்மில் குறைவு. வாதாபி என்ற ஊரின் பெயர் தமிழ் இல்லங்களில் இன்றும் புழங்குவதற்கு அந்தக் கீர்த்தனை ஒரு காரணம்; கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ மற்றொரு காரணம். அத்தொடரை வாரந்தோறும் காத்திருந்து படித்த பெரியவர்கள், நரசிம்ம பல்லவரையும் தளபதி பரஞ்சோதியையும் தம் வீட்டு உறவினரைப் போலப் பேசியதை நான் சிறு வயதில் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பரஞ்சோதியாரே அறுபத்து மூவருள் ஒருவராகிய சிறுத்தொண்ட நாயனார். இதை அறிந்தவர்களுக்கும் ஒரு வியப்பு நீங்குவதில்லை. பேரரசு ஒன்றின் தலைநகரைத் தூளாக்கிய சேனாதிபதி, அடியார்கள் முன் தம்மைச் சிறியராக்கிக்கொண்டு கைகூப்பி நிற்கும் தொண்டராக எப்படி ஆனார்? வாளைக் கீழே வைத்த பிறகுதான் பணிவைக் கற்றுக்கொண்டாரா? அண்மையில் பெரியபுராணத்தில் அவர் வரலாற்றை மீண்டும் ஒருமுறை நிறுத்தி நிதானமாகப் படித்தபோது, அப்படி அன்று என்றே எனக்குப் பட்டது. பணிவு அவரிடம் போர்க்களத்திலேயே இருந்தது. அதை யாரும் அறியாமல் வைத்திருந்தார் என்பதுதான் செய்தி.

வென்ற ஊர் எத்தகையது என்று தெரிந்தால்தான் வென்றவரின் பணிவுக்கு எடை தெரியும். வாதாபி, இன்றைய கர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்திலுள்ள பாதாமி. செந்நிற மணற்பாறைக் குன்றுகள் இரு பக்கமும் செங்குத்தாக எழுந்து நிற்க, நடுவே அகத்தியர் பெயரால் விளங்கும் ஏரி. அக்குன்றின்மேல் முதலாம் புலிகேசி 543ஆம் ஆண்டில் கோட்டை எழுப்பினார் என்று அங்குள்ள பாறைக் கல்வெட்டு கூறுகிறது. அவருடைய பேரர் இரண்டாம் புலிகேசி, வடநாட்டை ஆண்ட ஹர்ஷரையே தெற்கே வரவிடாமல் தடுத்து நிறுத்திய பெருவீரர். அவர் புகழைப் பாடும் ஐகொளெ கல்வெட்டு 634ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ரவிகீர்த்தி என்னும் சமணப் புலவர் இயற்றியது. பல்லவ வேந்தன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும்படி செய்தார் புலிகேசி என்று அது பெருமை பேசுகிறது. பல்லவர் பக்கத்துக் காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரவர்மர் புள்ளலூரில் பகைவரை முறியடித்தார் என்கிறது. இரு தரப்பும் தமக்கே வரவு எழுதிக்கொண்டால் உண்மை நடுவில் எங்கோ இருக்கும் என்று கொள்வது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் கணக்குப் பார்த்த எனக்குப் பழகிப்போன வழக்கம். ஆனால் ஒன்று மட்டும் ஐயமற்றது. புள்ளலூர் காஞ்சிக்கு அருகிலுள்ள ஊர். பகைவன் வாசல் வரை வந்துவிட்டிருந்தான்.

மகேந்திரவர்மருக்குப் பின் அவர் மைந்தர் நரசிம்மவர்மர் காலத்தில் மறுபடியும் அதே நிலை. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்ற மூன்று களங்களைக் கூரம் செப்பேடு குறிப்பிடுகிறது. மணிமங்கலம் இன்றைய தாம்பரத்துக்குப் பக்கத்து ஊர். அங்கே புலிகேசி புறமுதுகிட்டதை அச்செப்பேடு அழகிய கற்பனையோடு பாடுகிறது. அவன் முதுகையே ஏடாகக் கொண்டு வெற்றி என்னும் எழுத்துகளைப் பல்லவன் எழுதினானாம்!

தம் மண்ணில் பகைவனை விரட்டுவது ஒரு வகை வீரம். அவனைப் பின்தொடர்ந்து அவன் கோட்டை வரை செல்வது முற்றிலும் வேறு வகை. காஞ்சியிலிருந்து பாதாமிக்கு இன்றைய சாலை வழியில் 600 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. வடபெண்ணையைக் கடக்க வேண்டும். துங்கபத்திரையைக் கடக்க வேண்டும். உடன் வருவதோ யானைப்படை. ஒரு யானைக்கு நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தீவனமும், ஏறத்தாழ நூறு லிட்டர் தண்ணீரும் வேண்டும். குதிரைகளுக்குக் கொள்ளும் புல்லும் வேண்டும். ஆயிரமாயிரம் வீரர்களுக்கு அரிசி, உப்பு, மருந்து எல்லாம் வேண்டும். பகைவனின் நாட்டில் எந்தக் கிணற்றில் நீர் உண்டு, எந்த வழியில் நிழல் உண்டு என்று முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். போர் என்றால் வாள்வீச்சையே நாம் நினைக்கிறோம். வாள் உறையை விட்டு வெளிவருமுன் சேனாதிபதி செய்து முடிக்க வேண்டிய வேலை இவ்வளவு. வழியில் ஒரு யானை பசியால் மதம் பிடித்துத் திரும்பினாலும் அழிவு தம் படைக்குத்தான்.

642ஆம் ஆண்டில் வாதாபி வீழ்ந்தது. இரண்டாம் புலிகேசியின் ஆட்சி அத்தோடு முடிந்தது. நரசிம்மவர்மர் ‘வாதாபி கொண்டவர்’ ஆனார். அவருடைய பதின்மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று பாதாமிப் பாறையிலேயே பொறிக்கப்பட்டது.

இங்கே ஒரு வேடிக்கை. பல்லவர் செப்பேடுகள் வாதாபி வெற்றியை அரசர் பெயரில் பாடுகின்றன. படை நடத்தியவர் பெயர் அவற்றில் இல்லை. பெரியபுராணம் படை நடத்தியவரைப் பாடுகிறது. மன்னர் என்று சொல்கிறதே அன்றி அரசரின் பெயரைச் சொல்வதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துத்தான் நம் அறிஞர்கள் அந்த மன்னர் நரசிம்மவர்மர் என்று தெளிந்தார்கள். தாம் அடைந்த வெற்றி தம் பெயரில் பதிவாகவில்லையே என்று பரஞ்சோதியார் வருந்தியதாக எங்கும் குறிப்பில்லை.

அவர் பிறந்த ஊர் சோழநாட்டுத் திருச்செங்காட்டங்குடி. திருமருகல், திருக்கண்ணபுரம், திருப்புகலூர் ஆகிய தலங்களுக்கு அருகிலுள்ளது. யானைமுகமுடைய அசுரனை விநாயகப் பெருமான் அழித்தபோது அவன் குருதி பாய்ந்து காடு சிவந்தமையால் செங்காடு என்றும், அப்பழி தீர விநாயகர் சிவபெருமானை வழிபட்டதால் கோயிலுக்குக் கணபதீச்சரம் என்றும் பெயர் வந்ததாகத் தலவரலாறு. போரில் வென்ற பிள்ளையாரே வழிபட்டு அமைதி தேடிய ஊரில் ஒரு சேனாதிபதி பிறந்தார் என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

மாமாத்திரர் குலத்தில் தோன்றிய அவர் கற்றவை இரண்டு திசையில் செல்வன. ஒன்று, ஆயுர்வேத மருத்துவமும் வடநூல் கலைகளும். மற்றொன்று, படைக்கலப் பயிற்சியும் யானையேற்றம், குதிரையேற்றமும். காயத்தை ஆற்றும் கல்வியும் காயம் விளைக்கும் கல்வியும் ஒரே மாணவரிடம் சேர்ந்திருந்தன. எத்தனை கற்றாலும் முடிவில் சென்று சேரும் இடம் சிவபெருமான் திருவடியே என்ற தெளிவும், அடியார்க்குத் தொண்டு செய்யும் விருப்பமும் அவரிடம் இளமையிலேயே ஊறியிருந்ததாகச் சேக்கிழார் பெருமான் கூறுகிறார். அரசரிடம் பணிக்குச் சேர்ந்தது அதன் பிறகுதான். இந்த வரிசையை மறந்துவிடலாகாது. பக்தியை உள்ளே வைத்துக்கொண்டுதான் அவர் படைக்குப் போனார்.

வாதாபிப் போரைச் சேக்கிழார் விரித்துப் பாடவில்லை. மிகச் சுருக்கமாகவே சொல்லிச் செல்கிறார். யானைகளைச் செலுத்தி அத்தொன்மையான நகரைத் தூளாக்கி, மணிகளும் நிதிக்குவியலும் யானைகளும் குதிரைகளும் கொண்டுவந்து அரசர் முன் வைத்தார் என்பதே செய்தி. பின்னர் அரசர் வியந்து பேசுவதும் அவர் யானையைச் செலுத்திய திறத்தைத்தான். அதிலிருந்து ஒன்று புலனாகிறது. படையை ஏவிவிட்டுப் பாதுகாப்பான மேட்டில் நின்று பார்த்த தலைவர் அல்லர் இவர். தாமே யானைமேல் முன்னணியில் சென்றவர்.

கொண்டுவந்த பொருள்களின் பட்டியலில் பிள்ளையார் திருவுருவம் இல்லை. வாதாபியிலிருந்து பரஞ்சோதியார் கணபதியைக் கொணர்ந்தார் என்பது செவிவழியாக வந்த செய்தி. திருச்செங்காட்டங்குடியிலும் திருவாரூரிலும் வாதாபி கணபதி என்ற பெயரில் சந்நிதிகள் உண்டு. நாமும் கைகூப்பி வணங்குகிறோம். இது பற்றி அறிஞர்கள் வாதிடட்டும். நமக்கு வேண்டிய செய்தி அரசவையில் இருக்கிறது.

அந்தக் காட்சியைச் சற்று மனத்தில் நிறுத்திப் பாருங்கள். வெற்றிச் செல்வம் குவிந்து கிடக்கிறது. அரசர் மகிழ்ச்சியில் சேனாதிபதியின் ஆற்றலைப் புகழ்கிறார். அப்போது உடனிருந்த அமைச்சர்கள், இவர் சிவபெருமானிடம் அன்பு பூண்ட தொண்டர். அத்துணை இவருக்கு இருப்பதால் எதிர்நிற்பார் எவருமில்லை என்கிறார்கள். கேட்ட அரசர் திடுக்கிடுகிறார். இறைவனின் தொண்டர் என்று அறியாமல் இவரைக் கொடிய போர்முனைக்கு அனுப்பினேனே என்று நடுங்கி, பொறுத்தருள வேண்டும் என்று வணங்குகிறார். அவர் வணங்குமுன் பரஞ்சோதியார் தாம் வணங்கி, எனக்கு உரிமையாக வந்த பணியைச் செய்தேன், இதில் என்ன தீங்கு என்கிறார்.

இதில் நான் வியந்து நின்ற இடங்கள் பல. முதலாவது, அரசருக்கு அதுவரை தெரியாது! அரசருக்கு நெருக்கமாக இருந்தவர். பல போர்களை நடத்தி வென்று தந்தவர். ஆயினும் தம் பூசையையும் பக்தியையும் ஒருநாளும் முன்வைத்து ஒரு சலுகை கேட்டதில்லை. எனக்கு இன்று சோமவாரம், நாளை பிரதோஷம், படை நகர்த்துவதைத் தள்ளி வையுங்கள் என்று சொல்லியிருந்தால் அரசருக்குத் தெரிந்திருக்குமே. பக்தியை அடையாளமாக அணிந்து அதனால் மதிப்பைப் பெறுவது எளிது. மற்றவருக்குத் தெரியாதபடி அதை வைத்துக்கொண்டு, தமக்கிட்ட பணியை மற்றெவரையும்விடச் செம்மையாகச் செய்வது கடினம்.

இரண்டாவது, அமைச்சர்கள். ஒருவர் வெற்றியோடு திரும்பி அரசரின் பாராட்டைப் பெறும் நேரத்தில், உடன் பணிபுரிவோர் அந்தப் புகழைக் கூட்டிப் பேசுகிறார்கள்! அலுவலகங்களில் பணியாற்றியவர்களுக்கு இது எத்துணை அரிது என்று தெரியும். யானைப்படை நன்றாக இருந்தது, மழை பெய்யவில்லை, பகைவன் அசந்திருந்தான் என்று சொல்ல ஆயிரம் வழி உண்டு. அவர்கள் அப்படிச் சொல்லாததற்குப் பரஞ்சோதியார் அவர்களிடம் நடந்துகொண்ட முறையே காரணமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மேலிருப்பவரிடம் பணிவாக இருப்பது பிழைக்கும் வழி. உடன் இருப்போரும் மனமுவந்து நல்லது சொல்கிறார்கள் என்றால் அந்தப் பணிவு உண்மையானது.

மூன்றாவது, அரசர். வாதாபி கொண்டவர், சபை நடுவே தம் பணியாளரிடம் மன்னிப்புக் கேட்கிறார். தலைமை என்பதற்கு இதைவிட வேறு இலக்கணம் தேட வேண்டியதில்லை. சேக்கிழார் பெருமானே சோழப் பேரரசின் முதலமைச்சராக இருந்து, உத்தமச் சோழப் பல்லவன் என்ற பட்டம் பெற்றவர். அரசவை எப்படி நடக்கும், அங்கே யார் எதைச் சொல்வார், எதைச் சொல்லமாட்டார் என்று உள்ளிருந்து கண்டவர். போரைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அவைக்காட்சியை அவர் விரித்துச் சொல்வது வெறும் தற்செயலாக இருக்க முடியாது.

நாயனாரின் விடையையும் கூர்ந்து நோக்க வேண்டும். கலிங்கப் போரின் அழிவைக் கண்டு அசோகர் மனம் மாறியதைப் போல, வாதாபியின் இரத்த வெள்ளத்தைக் கண்டு பரஞ்சோதியார் துறவு பூண்டார் என்று மேடைகளில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அசோகர் தம் வருத்தத்தைத் தாமே பாறையில் பொறித்துவைத்தார். அது அவருடைய பெருமை. ஆனால் சேக்கிழாரின் பரஞ்சோதியார் அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. செய்த பணியை இழிவென்று தள்ளவும் இல்லை, பெருமையென்று தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. என் பணி, செய்தேன்; அவ்வளவே. விடுதலை கேட்டதும் அவர் அல்லர், கொடுத்தவர் அரசர். நிறைந்த செல்வம் தந்து, இதுவரை உம் உள்ளத்தை நான் அறியாதபடி நடந்துகொண்டீர், இனி என் கருத்துக்கு நீர் இசைந்து சிவத்தொண்டைக் குறைவின்றிச் செய்யும் என்று வேண்டி வழியனுப்பினார்.

ஊருக்குத் திரும்பிய சேனாதிபதி என்ன செய்தார்? கணபதீச்சரத்து இறைவரை வழிபட்டார். திருவெண்காட்டு நங்கையாரை மணந்து இல்லறம் நடத்தினார். நாள்தோறும் அடியார்களை அழைத்து அமுது செய்வித்து, அதன் பின்னரே தாம் உண்ணும் நெறியை மேற்கொண்டார். அவ்வாறு செய்யும்போது அவர்கள் முன் தம்மை மிகவும் சிறியராகக் கருதி நடந்துகொண்டமையால் உலகோர் அவரைச் சிறுத்தொண்டர் என்று அழைத்தனர். பரஞ்சோதி என்ற பேரொளிப் பெயர் பின்தங்கி, சிறுத்தொண்டர் என்ற பெயரே நிலைத்தது.

இந்த இடத்தில் நம் வயதினருக்கு ஒரு செய்தி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பணியிலிருந்து ஓய்வு பெறுகிறோம். மாலை, பொன்னாடை, பாராட்டுரை எல்லாம் முடிகின்றன. அடுத்த நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க, நேற்று வரை நம் கையெழுத்துக்குக் காத்திருந்த அதே அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறோம். புதிதாக வந்த இளைஞர் தலையை நிமிர்த்தாமல் படிவத்தை வாங்கிக்கொள்கிறார். நான் யார் தெரியுமா என்று நாவின் நுனி வரை வருகிறது. சிலருக்கு அது வெளியேயும் வந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். நாற்காலி போன பின்னும் நாற்காலியின் நினைவு போக ஆண்டுகள் பல ஆகின்றன. இவரோ நாற்காலியில் அமர்ந்தவர் அல்லர், யானைமேல் அமர்ந்தவர். ஒரு சொல்லில் ஆயிரம் பேரை நகர்த்தியவர். அவர், தம் வீட்டுக்கு உணவருந்த வந்தவரின் கால்களைக் கழுவ நீர் எடுத்து நிற்கிறார். யாரும் அவரைத் தள்ளவில்லை, தாமே இறங்கினார். அதற்கு வேண்டிய துணிவு வாதாபிக்கு வேண்டிய துணிவைவிடக் குறைந்ததன்று.

படைத்தொழில் செய்த நாயன்மார் இவர் ஒருவரே அல்லர். திருநாட்டியத்தான்குடிக் கோட்புலி நாயனார் சோழர் சேனாதிபதி. திருவமுதுக்கென்று சேர்த்துவைத்த நெல்லைத் தாம் போருக்குப் போயிருந்த காலத்தில் உறவினர் உண்டுவிட்டனர் என்று அறிந்து, அவர்களை வாளுக்கு இரையாக்கியவர். திருநீடூர் முனையடுவார் நாயனார், தோற்றவர்க்குத் துணையாகப் போரிட்டுக் கூலி பெற்று, அக்கூலியை அடியார்க்கே செலவிட்டவர். ஒரே தொழில் மூவரையும் மூன்று விதமாக ஆக்கியிருக்கிறது. கோட்புலியாரின் வாள் கடைசி வரை உறைக்குள் போகவே இல்லை. சிறுத்தொண்டர் தம் வீரத்தை எங்கே வைத்தார் என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாதாபி வெற்றி பல்லவர் கையில் நிலைத்தது ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகளே. புலிகேசியின் மைந்தர் முதலாம் விக்கிரமாதித்தர் 655ஆம் ஆண்டளவில் அதை மீட்டுக்கொண்டார். அடுத்த நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தர் காஞ்சிக்குள்ளேயே படையோடு நுழைந்தார். பழிக்குப் பழி வாங்க அவருக்குக் காரணம் இருந்தது, வலிமையும் இருந்தது. ஆனால் கைலாசநாதர் கோயிலுக்குள் சென்று கண்டவர், அதன் செல்வத்தை எடுக்காமல் கோயிலுக்கே திருப்பித் தந்தார். அச்செய்தியைக் கூறும் கன்னடக் கல்வெட்டு அக்கோயிலின் முன்மண்டபத் தூணில் இன்றும் இருக்கிறது. காஞ்சிக்குச் செல்லும் அன்பர்கள் அந்தத் தூணைத் தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள். பகைவரின் கூடாரத்திலும் அடக்கமுள்ள வீரர்கள் இருந்தார்கள்.

சிறுத்தொண்டர் என்றவுடன் பெரும்பாலோர் மனத்தில் எழுவது சீராளன் கதை. அதைத் தவிர்த்துவிட்டு இக்கட்டுரையை முடிக்க இயலாது. வடதேசத்துப் பைரவ வேடத்தில் இறைவர் வந்து, ஐந்து வயதுப் பிள்ளையின் கறி கேட்டதும், தாய் பிடிக்கத் தந்தை அரிந்ததும், முடிவில் அழைக்கப்பட்ட சீராளன் பள்ளியிலிருந்து வருபவனைப் போல் ஓடிவந்ததும் நாமெல்லாரும் கேட்டு வளர்ந்தவை. பேரப்பிள்ளைகளிடம் சொல்லும்போது நா தயங்குகிறது. ஏன் தாத்தா, சாமி அப்படிக் கேட்டது என்று அவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது. இது யாரும் பின்பற்றுவதற்காகச் சொல்லப்பட்ட நிகழ்ச்சி அன்று என்பதை முதலில் அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

எனக்குள் எழும் எண்ணம் ஒன்று உண்டு. சேக்கிழார் சொல்லாதது; என் எண்ணமாகவே சொல்கிறேன். போர் நடத்தும் தலைவர் ஒவ்வொருவரும் பிறர் பெற்ற பிள்ளைகளைக் களத்துக்கு அழைத்துச் செல்கிறார். வாதாபிக்கு நடந்த அந்தப் படையில் எத்தனை தாய்மாரின் ஒரே மகன் இருந்திருப்பான்! எத்தனை பேர் துங்கபத்திரையைத் திரும்பக் கடக்கவில்லை! அரசர் கேட்டார், தாய்மார் கொடுத்தார்கள், சேனாதிபதி அழைத்துச் சென்றார். பின்னொரு நாள் அதே சேனாதிபதியின் வாசலில் ஒருவர் வந்து, உம் ஒரே மகனைத் தாரும் என்கிறார். களத்தில் அவர் பிறரிடமிருந்து பெற்றது அன்று அவரிடமே கேட்கப்பட்டது. அந்தத் தாய்மாரின் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. சீராளன் திரும்பி வந்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் என் கண் அந்த வீரர்களின் வீடுகளை நோக்கித்தான் செல்கிறது.

அக்கதையின் தொடக்கத்தையும் நாம் விரைவாகக் கடந்துவிடுகிறோம். அன்று அமுது செய்ய அடியார் ஒருவரும் வரவில்லை. உணவு ஆயத்தமாக இருக்கிறது, விருந்தினர் இல்லை. ஆகவே நாயனார் தாமே தேடிக்கொண்டு வெளியே போயிருந்தார். பைரவர் வந்தபோது அவர் வீட்டில் இல்லை. பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் நுழையேன் என்று சொல்லி, பைரவர் கணபதீச்சரத்து ஆத்திமரத்தடியில் போய் அமர்கிறார். ஒருவரையும் காணாமல் வெறுங்கையோடு திரும்பிய நாயனார் மனைவியார் சொன்ன செய்தியைக் கேட்டு அங்கே விரைகிறார். பகைவரைத் தேடிச் சென்ற தலைவர், இன்று ஒருவேளைச் சோறு உண்ண ஓர் ஆள் கிடைப்பாரா என்று தம் ஊர்த் தெருக்களில் தேடி அலைகிறார். வாதாபிக் கோட்டையையும் இந்தத் தெருவையும் ஒரே வாழ்க்கையில் கண்டவர் அவர்.

சித்திரைப் பரணி அவருடைய குருபூசை நாள். திருச்செங்காட்டங்குடியில் அந்நாளில் அமுது படையல் விழா நடைபெறுகிறது. வெயில் கடுமையான காலம். முதியோர் முன்கூட்டியே திட்டமிட்டுச் செல்வது நல்லது. உத்தராபதீசுவரரையும், வாதாபி கணபதியையும் வணங்கலாம். திருமருகலும் அருகிலேயே இருக்கிறது.

அந்தத் திருமருகலில்தான் சிறுத்தொண்டர் ஞானசம்பந்தப் பெருமானைச் சென்று கண்டு, மீண்டும் தம் ஊருக்கு எழுந்தருள வேண்டும் என்று வேண்டினார். பைரவர் வந்த நிகழ்ச்சிக்கு முன்னரே சம்பந்தர் திருச்செங்காட்டங்குடிக்கு எழுந்தருளி, நாயனார் இல்லத்தில் தங்கிப் பதிகம் பாடியிருந்தார். அது அகத்துறைப் பதிகம். இறைவனைப் பிரிந்து வாடும் தலைவி, நாரையையும் குருகையும் தூது போகச் சொல்கிறாள். அதில் நாயனாரின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. செப்பேடுகள் எழுதத் தவறிய பெயரை, அவரை நேரில் கண்ட ஒருவர் எழுதிவைத்தார். வாதாபி என்ற சொல் அப்பதிகத்தில் இல்லை. பரஞ்சோதி என்ற பெயரும் இல்லை. பாடல் தம் வேண்டுதலால் எழுந்தது என்று அறிவிக்கும் கடைசிப் பாட்டில், நாயனார் வெந்த நீறு அணிந்த மார்பினராக வருகிறார். அதற்கு முன் ஓரிடத்தில், போரில் பழகிய தோள்களை உடையவர் என்னும் பொருள்பட ஒரே ஓர் அடைமொழி. படையை விட்டு வந்து எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தனவோ, அந்தத் தோள்களை ஆளுடைய பிள்ளையார் பார்த்துவிட்டார்.